கிளிப்பா அலைனரா? முடிவெடுக்க எனக்கு 5 மாசம் ஆச்சு

போன மாசம் தங்கச்சி ஃபோன் பண்ணி, "அக்கா, நீ போட்டிருக்கியே அந்த அலைனர், அதையே நானும் போட்டுக்கலாம்னு இருக்கேன், டாக்டர் நம்பர் அனுப்பு"ன்னா. அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை பாத்துட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தா, முகமே சரியில்ல. அவளுக்கு அலைனர் வேணாம், கிளிப்தான் சரியா வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். "உனக்கு மட்டும் வெளிய தெரியாதது, எனக்கு ஏன் கம்பி, 31 வயசுல கிளிப்ப மாட்டிட்டு பசங்க முன்னாடி எப்படி நின்னு பாடம் எடுக்கறது"ன்னு கேக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு. அவளை உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் பேசினதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா ஆஃபீஸ்லயும் 4, 5 பேரு இதையே கேட்டுட்டாங்க. நான் டாக்டர் இல்ல, பெருங்குடில ஒரு கம்பெனில டெஸ்டிங் வேலை பாக்கறவ. ஆனா பல்லு நேராக்கற வழியில ரெண்டு தடவை நடந்தவ. தெரியாதவங்களுக்கு: கிளிப்புன்னா பல்லு மேல ஒட்டிக் கம்பி கட்டறது, அலைனர்னா பல்லு மேல நாமளே கழட்டி மாட்டற மெல்லிசு பிளாஸ்டிக் உறை, செட்டு செட்டா குடுப்பாங்க, சில நாளைக்கு ஒரு செட்டுன்னு மாத்திட்டே போகணும். 15 வயசுல கிளிப்பு, 36 வயசுல அலைனர்.

மொதல் தடவை 2004ல. எனக்கு மேல் பல்லு ரெண்டும் தூக்கலா இருக்கும், வாயை மூடினாலும் உதடு சேராது. அப்பா கிண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில ஃபோர்மேன், ப்ரைவேட்ல கிளிப் போட வசதி இல்ல. யாரோ சொல்லி தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனாரு, கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல இருக்குல்ல, அதுதான். 1953ல இருந்து இருக்கற காலேஜ். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் மாசா மாசம் ஒரு நாள், பழவந்தாங்கல்ல காலைல ட்ரெயின் ஏறி கோட்டைல இறங்கி, ஓபி சீட்டு போட்டு, பெஞ்சுல உக்காந்து, கம்பி முறுக்கிட்டு வர்றதுன்னு போச்சு. அப்பாவுக்கு அரை நாள் சம்பளம் போயிடும். வீட்ல சமையல்கட்டுல தொங்கற மாசக் காலண்டர்ல அம்மா பால் கணக்கு எழுதுவாங்க, அதுக்குப் பக்கத்துலயே அப்பா எங்க அப்பாயின்ட்மென்ட் தேதில "பல்"னு பெருசா எழுதி வெப்பாரு. அங்க எனக்கு பாத்துவிட்ட, மேல்படிப்பு படிக்கற பிஜி டாக்டருங்க அவ்வளவு பொறுமை, 2006ல கிளிப்பை எடுத்தப்ப கண்ணாடில என்னையே நம்ப முடியாம பாத்துட்டிருந்தேன்.

கிளிப் எடுத்த அன்னிக்கே ரோஸ் கலர்ல ஒரு பிளேட் குடுத்தாங்க, முன்னாடி ஒரு கம்பி போகும் பாருங்க, ரிட்டெய்னர்னு சொல்றது அதைத்தான். தினமும் போடணும்னு நாலு தடவை சொன்னாங்க. ஒரு வருஷம் போட்டேன். காலேஜுக்கு கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதும் மறந்து மறந்து, வாரத்துக்கு ரெண்டு நாள் ஆகி, முதல் வருஷம் முடிஞ்சு ரூம் காலி பண்றப்ப அந்த டப்பாவையே விட்டுட்டு வந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லவே இல்ல. ரெண்டு வருஷம் அவரு போட்ட லீவு எல்லாம் அந்த டப்பாலதான் இருந்துச்சுன்னு அப்ப எனக்குப் புரியல.

மேல் பல்லு ஓரளவு நின்னுச்சு. கீழ் வரிசை முன்பல்லுங்கதான் மெதுவா ஒண்ணு மேல ஒண்ணு ஏற ஆரம்பிச்சுது. பல்லைச் சுத்தி ஈறுல நார் மாதிரி இருக்கற திசு, பல்லு நகர்ந்தப்ப இழுபட்டது, மறுபடி பழைய எடத்துக்கே இழுக்கும், அது அடங்க ரொம்ப நாள் ஆகும். அது போக, கிளிப்பே போடாதவங்களுக்கும் வயசாக ஆக கீழ் முன்பல்லு நெருக்கமாகறது சகஜம்தான்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். 34, 35 வயசுக்கு கீழ நாலு பல்லும் விசிறி மடிச்ச மாதிரி ஆயிடுச்சு, பிரஷ் உள்ள போகாது, அந்த சந்துல காரை கட்டும், ஈறுல ரத்தம் வரும். அழகுக்காகன்னு மட்டும் இல்ல, அந்த ரத்தத்தைப் பாத்துதான் இந்த தடவை கிளம்பினேன்.

அலைனரோட கதையே இதே பிளேட்டுல ஆரம்பிச்சதுதான்னு படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. ஜியா சிஷ்டினு ஒருத்தர், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல படிச்சவர், பெரியவரான அப்புறம் கிளிப் போட்டுக்கிட்டவர். கிளிப் எடுத்ததும் குடுத்த ரிட்டெய்னரை நடுவுல போடாம விட்டா பல்லு நகருது, மறுபடி போட்டா அதே பிளாஸ்டிக் பல்லைத் திரும்ப எடத்துக்குக் கொண்டு வருதுன்னு கவனிச்சிருக்காரு. அப்ப கொஞ்சம் கொஞ்சமா மாத்தின பிளாஸ்டிக்கை வரிசையா போட்டா கம்பியே இல்லாம நகர்த்தலாமேன்னு தோணி, கெல்சி வர்த்துங்கறவங்களோட சேர்ந்து 1997ல அலைன் டெக்னாலஜி கம்பெனிய ஆரம்பிச்சாரு, அவங்க அலைனரோட பேருதான் இன்விசலைன். 1998ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிங்களுக்கெல்லாம் ஓகே சொல்ற அரசு அமைப்பு, அதோட அனுமதி கிடைச்சுது. யோசனை அதை விடப் பழசு, 1945லயே கெஸ்லிங்னு ஒரு டாக்டர் கடைசி கட்டத்துல பல்லை லேசா சரி பண்ண ரப்பர் கவசம் செஞ்சிருக்காரு, ஆனா ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால அச்சு எடுத்து செய்யறது நடக்கற காரியமா இல்ல. கம்ப்யூட்டரும் 3டி பிரிண்டரும் வந்ததும் நடந்துச்சு.

நான் முதல்ல போனது டாக்டர்கிட்ட இல்ல, அதுதான் நான் பண்ணின தப்பு. ஒரு ஷாப்பிங் மால்ல ஃப்ரீ ஸ்கேன்னு ஸ்டால் போட்டிருந்தாங்க. பேனா மாதிரி ஒரு கேமராவ வாய்க்குள்ள சுத்தி, 10 நிமிஷத்துல என் பல்லு முழுக்க ஸ்க்ரீன்ல வந்துடுச்சு. மறுநாள் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ, அதுல என் கோணல் பல்லுங்க அப்படியே நடந்து வந்து வரிசைல நிக்குது. சத்தியமா சொல்றேன் அதை 30 தடவையாவது பாத்திருப்பேன், அம்மாவுக்குக் காட்டினேன், வீட்டுக்காரருக்குக் காட்டினேன். அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ஃபோன், "மேம் இன்னிக்குள்ள புக் பண்ணினா 20 ஆயிரம் குறைவு, ஈஎம்ஐ போட்டுக்கலாம், 6 மாசத்துல முடிஞ்சிடும்"னு ஒரு பொண்ணு தினமும் பேசுவா. பாவம் அந்தப் பொண்ணு அவ வேலைய பாக்குது. ஆனா நான் பணம் கட்டற வரைக்கும் போயிட்டு ஏன் நின்னேன்னா, "எக்ஸ்ரே எப்ப எடுப்பீங்க, என் ஈறுல ரத்தம் வருதே அதை யாரு பாப்பாங்க"ன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் தேவைப்படாது மேம், உங்களுது சிம்பிள் கேஸ்"னு பதில் வந்துச்சு. என் வாயை ஒரு பல் டாக்டர் கூட திறந்து பாக்கல, அதுக்குள்ள சிம்பிள் கேஸ்னு யாரு முடிவு பண்ணினது? 15 வயசுல எனக்கு கம்பி கட்டறதுக்கு முன்னாடியே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே, அச்சு, ஃபோட்டோன்னு மூணு தடவை அலைஞ்சது ஞாபகம் வந்து, வேணாம்னு வெச்சுட்டேன்.

அந்த வீடியோவப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா எல்லாரும் மயங்கறது அதுலதான். அது பல்லோட தலைய மட்டும்தான் காட்டுது. ஸ்கேன்ல வேர் தெரியாது, எலும்பு தெரியாது. ஸ்க்ரீன்ல பல்லு காத்துல மிதக்கற மாதிரி எங்க வேணா போகும், நிஜத்துல ஒவ்வொரு பல்லும் எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கு. பல்லை ஒரு பக்கமா அழுத்தினா அந்தப் பக்கத்து எலும்பு கரையணும், பின்னாடி காலியான எடத்துல புது எலும்பு வளரணும், அப்படித்தான் பல்லு நகருது, கிளிப்பா இருந்தாலும் சரி அலைனரா இருந்தாலும் சரி. ஈறுல நோய் இருந்தா எலும்பு ஏற்கெனவே கரைஞ்சிட்டு இருக்கும், அது மேல போய் அழுத்தம் குடுத்தா பல்லு ஆட்டம் காணும்.

அப்புறம்தான் மைலாப்பூர்ல ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட போனேன். ஆர்த்தோன்னதும் எங்க அம்மா "முட்டி வலிக்குப் பாக்கற டாக்டர்கிட்ட பல்லுக்கு எதுக்குடி போற"ன்னாங்க, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. பிடிஎஸ் 5 வருஷம் படிச்சா பல் டாக்டர், அதுக்கு மேல பல்லு நகர்த்தறதுக்குன்னே எம்டிஎஸ் 3 வருஷம் படிச்சவங்கதான் ஆர்த்தோடான்டிஸ்ட். போர்டுல எம்டிஎஸ்னு மட்டும் இருந்தா போதாது, எதுல எம்டிஎஸ்னு பாருங்க, வேர் சிகிச்சைலயும் எம்டிஎஸ் இருக்கு, ஈறுலயும் இருக்கு.

அவங்க ஓபிஜி எடுக்கச் சொன்னாங்க, மொத்த தாடையும் ஒரே ஃபிலிம்ல வர்ற எக்ஸ்ரே, பக்கவாட்டுல தலையோட ஒண்ணு. அப்புறம் ஒரு மெல்லிய குச்சியால ஒவ்வொரு பல்லு ஓரத்துலயும் ஈறுக்குள்ள விட்டு எவ்வளவு ஆழம் போகுதுன்னு அளந்து பக்கத்துல இருக்கற அசிஸ்டென்ட்கிட்ட நம்பரா சொல்லிட்டே போனாங்க, "மூணு, மூணு, ரெண்டு, அஞ்சு". அந்த அஞ்சுதான் பிரச்சனை. 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்லயாம், எனக்கு கடைவாய்ப் பக்கம் ரெண்டு எடத்துல 5 போச்சு. "மொதல்ல ஈறு. க்ளீன் பண்ணி, ஆறி, நான் திரும்ப அளந்து பாத்தப்புறம்தான் அலைனரா கிளிப்பான்னே பேசுவோம்"னு சொல்லி ஈறு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க. ரெண்டு சிட்டிங்ல ஆழமா சுத்தம் பண்ணி, 3 மாசம் காத்திருந்து, தினமும் ராத்திரி பல்லிடுக்கு பிரஷ் போட்டு, ரத்தம் நின்னுச்சு. தலைப்புல 5 மாசம்னு போட்டேன்ல, அதுல முக்கால்வாசி இதுக்குத்தான் போச்சு. மால்ல புக் பண்ணியிருந்தா அந்த நேரத்துல நான் 10ஆவது செட்டுல இருந்திருப்பேன், அடியில எலும்பு போயிட்டு இருந்திருக்கும்.

என் கேஸ் அலைனருக்கு ஏன் பொருந்துச்சுன்னா, பல்லு நெருக்கம்தான், அதுவும் மிதமா, கடி சரியா இருக்கு, தாடைல கோளாறு இல்ல, பல்லு எதையும் பிடுங்க வேண்டாம். இந்த மாதிரி லேசான நெருக்கம், முன்பல்லு நடுவுல சந்து, கிளிப் போட்டு எடுத்தப்புறம் திரும்பிப் போன பல்லு, இதுக்கெல்லாம் அலைனர் நல்லா வேலை செய்யும். எங்க தடுமாறும்னா, கோரைப்பல்லும் அதுக்குப் பின்னாடி இருக்கற சின்ன கடைவாய்ப்பல்லும் உருண்டையா இருக்கும், அது திரும்பி இருந்தா பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கிடைக்காது, எண்ணெய்க் கையால ஊறுகாய் பாட்டில் மூடியத் திருகற மாதிரி வழுக்கும். மேல ஏறிப்போன பல்லை கீழ இழுக்கறதும் அப்படித்தான். பல்லு பிடுங்கின எடத்தை மூடணும்னா 7 மில்லிமீட்டர் தூரம் பல்லு வேரோட நேரா நடந்து வரணும், அலைனர்ல தலை மட்டும் சாய்ஞ்சு வேர் அங்கயே நிக்கற வாய்ப்பு அதிகம். கை தேர்ந்தவங்க இதையும் அலைனர்ல பண்றாங்க, ஆனா நாளும் செலவும் கூடும். தாடை எலும்பே முன்ன பின்ன வளர்ந்திருந்தா, பெரியவங்களுக்கு அலைனரோ கிளிப்போ மட்டும் போட்டு அது சரியாகாது, ஆப்பரேஷன் சேர்த்துதான் பேசணும். இம்ப்ளான்ட் பல்லு வெச்சிருக்கீங்கன்னா அது எலும்போட ஒட்டினது, எதாலயும் நகராது, அதைச் சுத்திதான் ப்ளான் போடுவாங்க.

தங்கச்சிக்கு இருக்கறது தெத்துப்பல். இடது கோரைப்பல் மேல ஏறி, வெளிய தள்ளி, போதாக்குறைக்குத் திரும்பியும் இருக்கு. வீட்ல சின்ன வயசுல இருந்து "தெத்துப்பல் ராசிடி, சிரிச்சா லட்சணமா இருக்கு"ன்னே சொல்லி வளர்த்தாங்க, அதனால அவளுக்கு யாரும் கிளிப் போடவே இல்ல. எடம் இல்லாததால சின்ன கடைவாய்ப்பல் ரெண்டு எடுக்கணும், மூடணும், கோரைப்பல்லைத் திருப்பிக் கீழ இறக்கணும். மேல நான் சொன்ன கஷ்டம் மூணும் அவ ஒருத்திகிட்டயே இருக்கு. டாக்டர் அவகிட்ட இதைத்தான் சொல்லியிருக்காங்க, அவ கம்பிங்கற வார்த்தைக்கு அப்புறம் எதையும் காதுல வாங்கல.

நான் அவகிட்ட ஒரு பேப்பர்ல அவ ஒரு நாளை எழுதச் சொன்னேன். அலைனர் 20ல இருந்து 22 மணி நேரம் வாயில இருக்கணும், எனக்கு டாக்டர் சொன்னது 22. மிச்சம் ரெண்டே மணி நேரம். அதுல மூணு வேளை சாப்பாடு, ஒவ்வொரு வேளைக்கும் அப்புறம் பல்லு தேய்க்கறது, எல்லாம் அடங்கணும். அவ எழுதினா: காலைல எழுந்ததும் டீ, டிஃபன், 10.40க்கு ஸ்டாஃப் ரூம்ல டீ பிஸ்கட், மதியம் சாப்பாடு, 3 மணிக்கு டீ, வீட்டுக்கு வந்ததும் பஜ்ஜியோ சுண்டலோ, ட்யூஷன் நடுவுல ஒரு டீ, ராத்திரி சாப்பாடு. எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம்னு வெச்சாலும் ரெண்டு மணி நேரம் போச்சு, இன்னும் பிரஷ்ஷே பண்ணல, ஸ்கூல்ல வாஷ் பேசின்ல வரிசை வேற. அவளே பேப்பரைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல.

கிளிப்புன்னா அது பாட்டுக்கு 24 மணி நேரமும் வேலை செய்யும், நாம மறந்தாலும் அது மறக்காது. அலைனர் டப்பால இருந்தா ஒரு வேலையும் நடக்காது, 16 மணி நேரம்தான் போட்டோம்னா பல்லு ப்ளான்ல இருந்து பின்தங்கிடும், அடுத்த செட்டு சரியா உக்காராது, மறுபடி ஸ்கேன் எடுத்து புதுசா செய்யணும்.

நான் எப்படி சமாளிக்கறேன்னு கேட்டா, காபிதான் போச்சு. நாளைக்கு 4 டம்ளர் குடிச்சிட்டிருந்தவ. அலைனரைப் போட்டுட்டு சூடா எதையும் குடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் நெளிஞ்சிடும், காபி டீ கறையும் பிடிக்கும், சர்க்கரை தண்ணி உள்ள தேங்கினா எச்சில் வந்து கழுவ முடியாது, சொத்தை ஈஸியா விழும். பச்சைத் தண்ணி மட்டும்தான். மொதல் வாரம் சாயங்காலம் 4 மணிக்கு கேன்டீன்ல டிகாக்ஷன் வாசனை வந்தா எழுந்து போயிடுவேன். இப்ப காலைல இட்லியோட ஒரு காபி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, அவ்வளவுதான். நொறுக்குத் தீனி தானா நின்னுடுச்சு, கழட்டி மாட்டறதை நெனைச்சா முறுக்கு வேணாம்னு தோணும்.

வெளிய தெரியவே தெரியாதுன்னு விளம்பரத்துல சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. பல்லு மேல சின்னச் சின்ன மேடு ஒட்டுவாங்க, சொத்தைப் பல்லு அடைக்கற அதே பல்லு கலர் சிமென்ட்டால, அட்டாச்மென்ட்னு பேரு. எனக்கு 9. பொன்னி அரிசி சைஸ்ல, ஒரு பக்கம் விளிம்பு கூரா இருக்கும், பிளாஸ்டிக் அதைப் பிடிச்சுதான் பல்லைத் தள்ளும். அலைனரைக் கழட்டினா உதடு உள்பக்கம் அதுல உரசும். முதல் நாள் ராத்திரி பாத்ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு கழட்டத் தெரியாம 20 நிமிஷம் போராடி, கட்டைவிரல் நகம் உடைஞ்சு, அழுகையே வந்துடுச்சு. கடைசி கடைவாய்ப் பல்லோட உள்பக்கம் இருந்து நகத்தை விட்டுத் தூக்கணும், முன்னாடி இருந்து இழுக்கக் கூடாதுன்னு மறுநாள் கத்துக்கிட்டேன். ரெண்டு மூணு நாள் "ஸ்" வராது, ஆஃபீஸ் கால்ல "ஸ்டேட்டஸ்"னு சொல்றதுக்குள்ள நாக்கு தடுக்கும், அப்புறம் பழகிடும். புது செட்டு மாத்தின ரெண்டு நாள் பல்லு இறுகி இருக்கும், அதனால ராத்திரி படுக்கறப்பதான் மாத்துவேன். ஒரு செட்டு பல்லை நகர்த்தறது கால் மில்லிமீட்டர் அளவுதான், ஆனா அந்தக் கால் மில்லிமீட்டரை தோசை மெல்லும்போது நல்லாவே உணரலாம்.

எடம் பண்றதுக்காக பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா தேய்ப்பாங்க. இது எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு, நல்ல பல்லை எதுக்குத் தேய்க்கணும்னு. ஒரு இடுக்குல அரை மில்லிமீட்டருக்குள்ளதான், எனாமல் அளவுலயே நிறுத்திடுவாங்க, வலி இல்ல, காதுக்குள்ள உப்புத்தாள் தேய்க்கற சத்தம் மட்டும் கேக்கும். இதை முன்னாடியே சொல்லி, எந்தெந்த பல்லு நடுவுலன்னு ப்ளான்ல காட்டி, என் சம்மதம் வாங்கித்தான் பண்ணினாங்க. இன்னொண்ணும் முன்னாடியே சொன்னாங்க: ரொம்ப வருஷம் ஒண்ணு மேல ஒண்ணு இருந்த பல்லு நேராகும்போது ஈறுகிட்ட சின்னதா முக்கோணமா ஒரு கறுப்பு சந்து தெரியும்னு. எனக்குக் கீழ ஒரு எடத்துல தெரியுது. சொல்லாம விட்டிருந்தா இப்ப மனசு உடைஞ்சிருப்பேன்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்துல, பந்தில உக்காந்து அலைனரைக் கழட்டி டப்பா காருலயே இருந்ததால டிஷ்யூல சுத்தி இலை ஓரமா வெச்சேன். பாயசம் சாப்பிட்டு, பக்கத்துல இருந்த பெரியம்மாகிட்ட பேசிட்டே இலைய மடிச்சு எழுந்துட்டேன். கை கழுவறப்ப ஞாபகம் வந்து ஓடினா, மேஜை பேப்பரோட சுருட்டி எடுத்துட்டுப் போயாச்சு. மண்டபத்துப் பின்னாடி எச்சில் இலைக் குவியல் கிட்ட பட்டுப்புடவையோட நின்னேன், இலை எடுக்கற அம்மா ஒருத்தங்க "என்ன கண்ணு, மோதிரமா, கம்மலா"ன்னு கேட்டு அவங்களே கையை விட்டுத் தேடினாங்க. பல்லு செட்டுன்னேன், "ஐயோ இந்த வயசுலயா"ன்னு பதறிட்டாங்க. கிடைக்கல. டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன், அந்த செட்டுல 8 நாள் முடிஞ்சிருந்ததால அடுத்ததைப் போட்டுக்கச் சொன்னாங்க. ரெண்டாவது நாளா இருந்திருந்தா முந்தின செட்டுக்குத் திரும்பிப் போகணுமாம். அதனால முந்தின செட்டைத் தூக்கிப் போடாதீங்க, டப்பா இல்லாம வெளிய கிளம்பாதீங்க.

பணம் பத்தி: எனக்குச் சொன்ன கணக்கு, உலோக கிளிப் 45 ஆயிரம், பல்லு கலர் செராமிக் கிளிப் 65 ஆயிரம், நம்ம நாட்டு அலைனர் 1 லட்சத்து 20 ஆயிரம், இன்விசலைன் 2 லட்சத்து 80 ஆயிரம். எடத்துக்கு எடம், கேசுக்கு கேஸ் மாறும். இதுல கேக்க வேண்டியது, கடைசி செட்டு முடிஞ்சும் பல்லு ப்ளான்படி வரலைன்னா திரும்ப ஸ்கேன் எடுத்துப் பண்ற செட்டுக்குத் தனியா காசாங்கறது. நிறைய பேருக்கு இந்த ரெண்டாவது ரவுண்டு தேவைப்படும், அதை ரிஃபைன்மென்ட்னு சொல்றாங்க. ரிட்டெய்னர் சேர்த்தியான்னும் கேளுங்க. முக்கியமா, நடுவுல பிரச்சனைன்னா எந்த டாக்டர் முன்னாடி போய் உக்காரணும், அவங்க பேரு என்னன்னு கேளுங்க. அமெரிக்காவுல 2014ல ஆரம்பிச்ச ஸ்மைல் டைரக்ட் கிளப், டாக்டரை நேர்ல பாக்காமலே வீட்டுக்குத் தபால்ல அலைனர் அனுப்பின கம்பெனி, 2023 செப்டம்பர்ல திவால் நோட்டீஸ் குடுத்து டிசம்பர்ல மூடிட்டாங்க. பாதி பல்லு நகர்ந்த நிலைமைல இருந்தவங்க எல்லாம் நடுத்தெருவுல நின்னாங்க. பல்லு நகர ஆரம்பிச்சப்புறம் பாத்துக்க ஆள் இல்லாமப் போறது எவ்வளவு பயங்கரம்னு யோசிங்க.

அலைனர் வாங்க வசதி இல்லாதவங்க, கிளிப்பு ஏதோ ரெண்டாந்தரம்னு தயவுசெஞ்சு நெனைக்காதீங்க. கஷ்டமான கேசுகள்ல கிளிப்புதான் இன்னிக்கும் கைகொடுக்குது, கவர்ன்மென்ட் காலேஜ்ல பண்ற வேலை எவ்வளவு சுத்தமா இருக்கும்னு என் மேல் வரிசையே சாட்சி. நான் கெடுத்தது கீழ் வரிசைய.

தங்கச்சி கடைசில செராமிக் கிளிப் போட ஒத்துக்கிட்டா. போன வாரம் மேல் வரிசை ஒட்டியாச்சு. அவ க்ளாஸ்ல ஒரு எட்டாவது பொண்ணு, அதுவும் கிளிப் போட்ட பொண்ணுதான், "மிஸ், எலுமிச்சம்பழ சாதம் சாப்பிடாதீங்க, கிளிப்புல இருக்கற ரப்பர் மஞ்சளாயிடும்"னு சொல்லிக் குடுத்ததாம்.

எனக்கு மொத்தம் 24 செட்டு, 10 நாளைக்கு ஒண்ணு, இப்ப 15ல இருக்கேன். முடிஞ்சதும் கீழ பல்லுக்குப் பின்னாடி ஒரு மெல்லிய கம்பி ஒட்டுவாங்க, மேல ராத்திரி மட்டும் ரிட்டெய்னர். அப்பா இப்ப எங்க கூடத்தான் இருக்காரு. போன ஞாயித்துக்கிழமை அடுத்த டப்பா வந்தப்ப கையில வாங்கி ஒவ்வொரு கவரையும் திருப்பிப் பாத்துட்டு, "அப்ப போட்டது என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே இருந்துச்சு"ன்னாரு. சொல்லிட்டேன். ஹாஸ்டல், டப்பா, எல்லாத்தையும். கொஞ்ச நேரம் அந்தக் கவரையே பாத்துட்டு இருந்தாரு. "இது முடிஞ்சாலும் பிளேட் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கப்பா."

"எத்தனை வருஷம் போடணும்?"

"ஆயுசு பூரா."

தலைய ஆட்டிட்டு எழுந்து போயிட்டாரு. மறுநாள் காலைல காபி போடப் போனா, சமையல்கட்டு காலண்டர்ல 10 நாளைக்கு ஒரு கட்டமா, பக்கத்தைத் தள்ளித் தள்ளி கடைசி செட்டு வரைக்கும், நீல பேனாவுல "பல்", "பல்"னு எழுதியிருந்துச்சு, எழுத்து முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம் நடுங்கி.